மீதமுள்ள 166 மணி நேரம்

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தைக்கு வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் பயிற்சி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்களில் இந்த அளவுக்குக் கிடைத்தாலே அந்தக் குடும்பத்தைக் கொடுத்துவைத்த குடும்பம் என்பார்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் இந்தப் பயிற்சி ஒன்றரை மணி. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதமுள்ள 166 சொச்சம் மணி நேரம் வீட்டிலும் பள்ளியிலும் பஸ்ஸிலும் உறவினர் வீட்டுக் கல்யாணத்திலும் கழிகிறது. ஆனால் நமது திட்டங்கள், நிதி ஒதுக்கீடுகள், மருத்துவர் எழுதித்தரும் சீட்டு, பெற்றோரின் கடன் எல்லாம் அந்த ஒன்றரை மணியைச் சுற்றியே நிற்கின்றன. இன்று நான் வாதிட வருவது இதுதான்: இந்தக் குழந்தைகளின் குடும்பங்களுக்கு நாம் தரும் உதவி வீட்டுக்குள் போக வேண்டும், போய், அந்த வீட்டின் கடினமான நேரங்களில் ஒன்றையாவது எளிதாக்க வேண்டும். எத்தனை மணி நேரம் பயிற்சி தந்தோம் என்று எண்ணுவதைவிட, எந்த நேரம் எளிதாயிற்று என்று கேட்பதே சரியான அளவுகோல்.

இது ஏதோ சில குடும்பங்களின் பிரச்சினை என்று எண்ணிவிடக் கூடாது. 2018இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று பால்வல், காங்ரா, தேன்கனால், வடகோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள 3,964 குழந்தைகளைப் பரிசோதித்தது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, வலிப்பு, பேச்சுக் குறைபாடு முதலியவற்றோடு செவி, பார்வைக் குறைபாடுகளையும் சேர்த்து, பெரிய பிள்ளைகளிடம் ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு-மிகை இயக்கக் குறைபாடு, கற்றல் குறைபாடு இரண்டையும் பார்த்தது. இவற்றில் ஏதேனும் ஒன்றாவது உள்ள குழந்தைகள், 6 முதல் 9 வயதினரில் இடத்துக்கு இடம் நூற்றுக்கு 6.5 முதல் 18.5 வரை இருந்தார்கள். மிகக் குறைந்த எண்ணிக்கையையே எடுத்துக்கொண்டாலும், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேர். இத்தனை பேருக்கும் பேச்சுப் பயிற்சியாளரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் உளவியலாளரும் நகரத்து மையத்தில் காத்திருப்பார்கள் என்பது நடக்கிற காரியமல்ல. அப்படியே நடந்தாலும் சிக்கல் தீராது. ஏனென்றால் சிக்கல் பெரும்பாலும் எழுகிற இடம் அந்த மையமல்ல.

காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையே ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பற்பசையின் காரம் சில குழந்தைகளுக்குத் தாங்க முடியாத எரிச்சல். தலையில் விழும் தண்ணீர், மிக்சி இரைச்சல், குக்கர் விசில், சட்டைக் காலரின் உள்ளே தைத்திருக்கும் லேபிள், இறுக்கமான சாக்ஸ் என நாம் கவனிக்காமலே கடந்துபோகிற ஒவ்வொன்றும் அந்தப் பிள்ளைக்குத் தனித்தனித் தொல்லை. இதற்கு நடுவே, ‘சீக்கிரம் கிளம்பு’ என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறார். அந்த ஒரே கட்டளைக்குள் ஏழெட்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஆட்டிசத்தோடு ஏ.டி.எச்.டி.யும் உள்ள பிள்ளை அவற்றை வரிசைப்படுத்த முடியாமல், ஒரு கையில் சாக்ஸோடு ஜன்னலருகே நின்றுவிடுகிறான். ‘வேணும்னே பண்றான்’ என்கிறார் பாட்டி. அப்பா கடிகாரத்தைப் பார்க்கிறார். எட்டரை மணிக்கு வீடே அழுது ஓய்ந்திருக்கிறது. மாலையில் பயிற்சி மையத்தில் அதே பிள்ளை அமைதியான அறையில், ஒரே ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்க, மணிகளை அழகாகக் கோக்கிறான். ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு எடுத்துச்செல்வது ஆட்டிசம் உள்ள பலருக்கு எளிதல்ல. மையத்தில் பெற்ற திறமை வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வருவதற்கு யாராவது உதவ வேண்டும். அந்த யாராவது இப்போது நம் அமைப்பில் பெரும்பாலும் இல்லை.

வீட்டைப் பற்றி மருத்துவ உலகம் என்ன நினைத்தது என்ற வரலாற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மனநல மருத்துவர் லியோ கான்னர் 1943இல் ஆட்டிசத்தை விவரித்து எழுதினார். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பெற்றோரின், குறிப்பாகத் தாயின், பாசமின்மையே காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது. சிகாகோவில் பணியாற்றிய புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அந்தப் பழியைப் பரவலாக்கியது. குழந்தையை வீட்டிலிருந்து பிரிப்பதே சிகிச்சை என்பது வரை அது போயிற்று. அதற்கு முன்பே, 1964இல், உளவியலாளரும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமான பெர்னார்டு ரிம்லண்ட் இது உடலின், மூளையின் வளர்ச்சி சார்ந்தது என்று வாதிட்டிருந்தார். சிகாகோவிலேயே படித்த எரிக் ஷாப்லர் பெட்டல்ஹைமின் கருத்தை மறுத்து, பெற்றோரைச் சிகிச்சையில் கூட்டாளிகளாக ஆக்கினார். அவர் தொடங்கிய பணியை 1972இல் வடக்குக் கரோலினா சட்டமன்றம் மாநிலம் முழுவதற்குமான திட்டமாக ஏற்றது. அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டும் முறை இன்று உலகெங்கும் புழங்குகிறது என்றால் அதில் அந்தத் திட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. வீடு குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கவே முப்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பழியின் மிச்சம் ‘நீ சரியா வளர்க்கல’ என்ற பேச்சாக நம் கூடங்களில் இன்னும் உலவுகிறது.

இனிச் சான்றுகளுக்கு வருகிறேன். பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள 152 சிறு குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சியாளர் குழந்தையிடம் நேரடியாக வேலை செய்யவில்லை. பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பெற்றோரோடு உட்கார்ந்து பார்த்தார். குழந்தை ஒரு பார்வையாலோ கையசைவாலோ ஏதோ சொல்ல முயலும் கணம் எது, அதைப் பெற்றோர் பிடித்துக்கொண்டது எப்போது, தவறவிட்டது எப்போது என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். 2010இல் வெளியான முதல் முடிவு அடக்கமானது. பெற்றோர் பதில் தரும் விதம் தெளிவாக மேம்பட்டது, குழந்தையின் அறிகுறிகளில் மாற்றம் சிறிது. ஆனால் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து அவர்களில் 121 பேரைத் திரும்பப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளிடம் அறிகுறிகளின் கடுமை மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. பயிற்சி முடிந்தபின்னும் பெற்றோர் வீட்டில்தானே இருக்கிறார்கள்! இதே முறையைத் தெற்காசியாவுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2016இல் முடிவு வந்தது. அங்கே வீடுகளுக்குப் போனவர்கள் நிபுணர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வுகள். பெற்றோர் குழந்தையின் குறிப்பறிந்து பதில் தருவது கூடியது. குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்ளத் தொடங்குவதும் கூடியது. எல்லா அளவீட்டிலும் வெற்றி என்று சொல்ல முடியாது. பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து ஒன்றில் கவனம் செலுத்தும் நேரம் குறைந்தே இருந்தது. ஆனாலும் நம் வீடுகளைப் போன்ற வீடுகளில், நம்மிடம் உள்ள ஆட்களைக்கொண்டு, இது செய்யக்கூடியது என்பது நிறுவப்பட்டுவிட்டது. ஏ.டி.எச்.டி.யிலும் இதே திசைதான். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலில் தர வேண்டியது பெற்றோருக்கான குழுப் பயிற்சி என்று பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. மாத்திரை அங்கே முதல் படி அல்ல.

இந்த இடத்தில் மிகக் கனமான ஆட்சேபம் ஒன்று எழும். எழ வேண்டும். ‘வீட்டில் உதவி என்று சொல்லி, சிகிச்சையாளரின் வேலையையும் அம்மாவின் தலையில் கட்டுகிறீர்கள். பழியிலிருந்து விடுவித்தவளைச் சம்பளமில்லாத ஊழியராக்குகிறீர்கள்.’ இதில் நியாயம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் அதில் செலவிட்டார்கள்; ஆண்கள் 97 நிமிடங்கள். ஐந்து மணி நேரம் ஏற்கெனவே போய்விட்ட நாளில், ‘தினமும் இரண்டு மணி நேரம் இந்தப் பயிற்சிகளைச் செய்யுங்கள்’ என்று தாளில் எழுதித்தருவது உதவியாகாது. அது இன்னொரு பாரம். செய்ய முடியாதபோது குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே நான் சொல்லும் வீட்டு உதவிக்கு ஒரு நிபந்தனை உண்டு: அது வீட்டின் மொத்த உழைப்பைக் குறைக்க வேண்டும். புதிதாக ஒரு பயிற்சியைச் சேர்த்தால், பழைய சுமை ஒன்றை இறக்க வேண்டும். தனி நேரம் ஒதுக்கச் சொல்லாமல், எப்படியும் நடக்கிற குளியலுக்குள்ளும் சாப்பாட்டுக்குள்ளும் பயிற்சி நுழைய வேண்டும். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் பெயர் சொல்லிப் பங்கு பிரித்துத் தர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் குடும்பங்களுக்காக வகுத்த பயிற்சியில் ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் உண்டு. அன்றாட வேலைகளையே பயிற்சிக் களமாக்கும் அத்திட்டம் பராமரிப்பவரின் மனநலத்தையும் பாடத்தின் ஒரு பகுதியாக வைத்திருக்கிறது. அது தற்செயலான சேர்க்கையல்ல.

அப்படியானால் வீட்டுக்கு வருபவர் என்னதான் செய்வார்? முதல் வருகையில் எதையும் கற்பிக்க மாட்டார். ‘உங்கள் நாளில் எந்த நேரம் மிகக் கஷ்டம்?’ என்று கேட்பார். முடிந்தால் அந்த நேரத்திலேயே வந்து பார்ப்பார். காலை நேரம் என்றால், பழைய தினக்காலண்டர் அட்டை ஒன்றில் ஐந்து படங்களை வரிசையாக ஒட்டலாம்: பல், குளியல், சட்டை, இட்லி, ஆட்டோ. அந்த வீட்டுப் பிரஷையும் அந்த வீட்டுத் தட்டையும் போனில் எடுத்த படங்களாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வேலை முடிந்ததும் பிள்ளையே அந்தப் படத்தைத் திருப்பிவிடுவான். ‘சீக்கிரம்’ என்று இருபது தடவை சொல்வது நின்று, விரல் அட்டையைக் காட்டுவதோடு முடியும். காரமில்லாத பற்பசை, லேபிளை வெட்டி எடுத்த சட்டை, மிக்சியை ஓட்டுமுன் ‘சத்தம் வரப்போகுது’ என்று ஓர் எச்சரிக்கை. இவற்றுக்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. கஷ்டமான நேரம் இரவு என்றால், தூக்கத்தில் கை வைக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தூக்கக் கோளாறுக்கு முதலில் பழக்கவழக்க மாற்றத்தை முயல வேண்டும், மெலடோனின் மருந்து அதற்குப் பிறகுதான் என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2020இல் வழிகாட்டியது. ஒரே நேரத்தில் விளக்கை மங்கலாக்குவது, டிவியையும் போனையும் முன்கூட்டியே அணைப்பது, படுக்குமுன் ஒரே வரிசையில் ஒரே வேலைகள். சொல்வதற்கு எளிது, எட்டுப் பேர் இரண்டு அறைகளில் வாழும் வீட்டில் செய்வது அரிது. அந்த வீட்டில் எது நடக்கும் என்பதை அந்த வீட்டுக்குள் நின்றுதான் முடிவு செய்ய முடியும். பிள்ளை வாசலைத் தாண்டி ஓடிவிடுவான் என்ற பயம் இருந்தால் அதுவே முதல் வேலை. நான்கு வயதைத் தாண்டிய ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒருமுறையேனும் அப்படி ஓட முயன்றவர்கள் என்று 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கைப்பிடிச் சுவரில்லாத கிணறும் திறந்த கண்மாயும் உள்ள ஊர்களில் இதன் பொருள் நமக்குப் புரியும். கதவின் மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள், எதிர்வீட்டாருக்கும் முக்குக் கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை, பிள்ளையின் சட்டைப்பையில் போன் எண் எழுதிய அட்டை. தாய் அரை மணி நேரம் கண்ணயர இவை வழிவிடும்.

அடுத்த ஆட்சேபம் தொழில்முறையினரிடமிருந்து வரும். ‘பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த ஒருவரை அனுப்பிவைத்து, ஏழைகளுக்கு இரண்டாந்தரச் சேவை என்று ஆக்கிவிட மாட்டீர்களா?’ தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம் இதற்கு ஒரு பதிலைக் காட்டியிருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்ந்த களப்பணியாளர்கள் பயிற்சி பெற்று வீடுகளுக்குப் போகிறார்கள். செயலி ஒன்றில் பதிவு செய்கிறார்கள். சிகிச்சையாளர்கள் அதைக் கண்காணித்து வழிகாட்டுகிறார்கள். நிபுணரின் இடம் இதில் பறிபோகவில்லை. முப்பது குழந்தைகளைத் தாமே பார்த்துவந்த ஒருவரின் அறிவு, பல மடங்கு வீடுகளுக்குப் போய்ச் சேர வழி திறக்கிறது. அதே சமயம் கோட்டைத் தெளிவாகக் கிழிக்க வேண்டும். வலிப்பு வந்தால், பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழந்தால், தன்னையே கடித்தும் மோதியும் காயப்படுத்திக்கொண்டால், சாப்பாடு நின்று எடை குறைந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் களப்பணியாளரின் வேலையல்ல. மேற்பார்வை இல்லாத வீட்டு வருகை இரண்டாந்தரம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மேற்பார்வைக்கான சம்பளத்தைத் திட்டச் செலவின் முதல் வரியில் வைக்கச் சொல்கிறேன்.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமிருந்து வரும் கேள்வி வேறு வகையானது. ‘எங்களை ஏன் மாற்றப் பார்க்கிறீர்கள்? கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்று வதைப்பதை இப்போது வீட்டுக்குள்ளும் கொண்டுவருகிறீர்களா?’ இந்தக் கேள்வி என் வாதத்துக்கு எதிரியல்ல, துணை. எந்த நேரம் எளிதாயிற்று என்ற அளவுகோலைக் குழந்தையின் பக்கமிருந்தும் வைக்க வேண்டும். கை ஆட்டுவதால் யாருக்கும் தீங்கில்லை. அதை நிறுத்துவதால் பிள்ளைக்கு எந்த நேரமும் எளிதாவதில்லை. தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, போதும் என்று சொல்ல ஒரு வழி கிடைத்தால் அவனுடைய நாளே மாறும். அந்த வழி நாக்கின் வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. படத்தைக் காட்டிப் பேசலாம். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி போல, திரையைத் தொட்டால் குரல் தரும் கருவியைக்கொண்டும் பேசலாம். பிள்ளையைச் சாதாரணப் பிள்ளைபோல் காட்டுவது வீட்டு உதவியின் இலக்கல்ல. அவனுடைய பேச்சு, தூக்கம், பாதுகாப்பு, வீட்டாரின் ஓய்வு ஆகிய நான்கும் போதும்.

‘இதற்கெல்லாம் பணம்?’ என்பது வழக்கமான கேள்வி. வீடு தேடிப் போகும் வழியை இந்த மாநிலம் ஏற்கெனவே அறியும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்த மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் வாசலுக்குக் கொண்டுபோனது. உலக வங்கி உதவியுடன் நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டம், விழுதுகள் மையங்கள் வழியாக மாற்றுத்திறனாளிகளுக்கான சேவையை வட்டார அளவுக்கு இறக்குகிறது. இவற்றோடு நான் கேட்கும் வருகையை இணைப்பது புதுக் கட்டடம் எழுப்பும் வேலையல்ல. மறுபுறம், இப்போது குடும்பம் செலவிடுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: நகரத்துக்குப் போகும் பஸ் செலவு, இழந்த ஒரு நாள் கூலி, வேலையை விட்டுவிட்ட தாயின் சம்பளம். மாற்றுத்திறனாளிக் குழந்தையின் தாயான அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவரின் வழக்கில், குழந்தை பராமரிப்பு விடுப்பை மறுப்பது பெண்கள் பணியில் தொடர்வதை உறுதிசெய்யும் அரசமைப்புக் கடமைக்கு முரணாகும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் கருத்துரைத்தது. அரசு ஊழியரல்லாத தாய்மாருக்கு அந்தக் கடமையை யார் நிறைவேற்றுவது? 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய அறக்கட்டளையில் ஒரு லட்சம் ரூபாய் வரையான நிராமயா காப்பீடும், பெற்றோர் சிறிது ஓய்வு பெறப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் சமர்த் திட்டமும் உண்டு. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 குறைபாட்டு வகைகளில் உள்ளன, ஏ.டி.எச்.டி. பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே சான்றிதழைக் காட்டினால்தான் வாசலுக்கு வருவோம் என்று நிபந்தனை விதித்தால், உதவி தேவைப்படும் வீடுகளில் பல விடுபட்டுப்போகும். சான்றிதழ் பணப்பயனுக்கு இருக்கட்டும். வீட்டு வருகைக்குத் தேவை ஒன்றே தகுதி.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. ‘யாராவது அடிக்கடி வீட்டுக்கு வந்தால் தெருவே பேசும்; பெண் பிள்ளையின் கல்யாணம் வரை பாதிக்கும்’ என்று அஞ்சும் குடும்பங்கள் உண்டு. அந்த அச்சத்தைப் பத்தாம்பசலித்தனம் என்று ஒதுக்குவது எளிது, பயனற்றது. முதல் சில சந்திப்புகள் அங்கன்வாடியிலோ பள்ளியிலோ நடக்கட்டும். எங்கே, எப்போது, யார் வருவது என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும். வீட்டுக்குள் போகும் உதவிக்கு அழைப்பு வேண்டும். சோதனை போட வரும் அதிகாரியாக அது உணரப்பட்டால் முதல் நாளே தோற்றுவிடும்.

ஆகவே நான் கேட்பது நிர்வாகத்தில் ஒரு சிறு மாற்றம். இன்று களப்பணியாளரின் பதிவேட்டில் எத்தனை வீடுகள், எத்தனை அமர்வுகள் என்ற கட்டங்கள் இருக்கும். அவற்றோடு மூன்று கேள்விகளைச் சேருங்கள். இந்த வீட்டின் மிகக் கடினமான நேரம் எது? மூன்று மாதத்தில் அது எளிதாயிற்றா? பராமரிப்பவருக்கு இந்த வாரம் தனக்கென்று எவ்வளவு நேரம் கிடைத்தது? முதல் இரண்டுக்கும் குடும்பம் பதில் சொல்லட்டும். பேசவோ காட்டவோ முடிந்த பிள்ளையும் சொல்லட்டும். மூன்றாவதற்குத் தாய் மட்டும் பதில் சொல்லட்டும். மூன்றாவது கட்டத்தில் மாதக்கணக்கில் பூஜ்யமே விழுந்தால், மற்ற கட்டங்கள் எவ்வளவு நிரம்பியிருந்தாலும் அந்தத் திட்டம் தோற்றுவிட்டது என்று எழுதிவிட்டு, திட்டத்தைத் திருத்துங்கள். தாயைத் திருத்தப் போகாதீர்கள்.